இடது காதின் நுனி மடிந்திருக்கும்

இரண்டாவது கியருக்கு மேல் போக வேண்டாம் என்று பிரேக் சார் சொல்லிவிட்டார். அவளுக்கு இது பதினோராவது வகுப்பு. முந்தைய பத்து வகுப்புகளிலும் அவர் கண் அவள் காலை விட்டு அகன்றதில்லை. கிளட்ச்சை அவசரமாக மிதித்தால், "ஏம்மா, அது என்ன கரப்பான்பூச்சியா? மெதுவா" என்பார். இன்று காலை ஆறரை மணியிலிருந்து அவர் முகம் இடப்பக்க ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. அவள் காலை யாரும் பார்க்கவில்லை. வண்டியை உண்மையாகவே தான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

"அந்தச் சந்துல திருப்பு. மெல்ல. சந்து முடியற எடத்துல ஒரு குப்பைத் தொட்டி இருக்கும், அங்க நிறுத்து."

பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிப்பதற்கு முன் "பிரேக்கு, பிரேக்கு, பிரேக்கு" என்று மூன்று முறை சொல்வார். அதனால் வந்த பெயர். அவர் மனைவியே பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்தால் "பிரேக் சார் வண்டியில இருக்காரா, வெளிய இருக்காரா?" என்றுதான் கேட்பாராம். அவர்கள் வீட்டு நாய்க்கு ஏழு வயது. குட்டியாகத் தெருவில் கிடந்ததை எடுத்து வந்து கோணி விரித்துப் போட்டார்களாம். அது கோணியை முகர்ந்து பார்த்துவிட்டு, போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் துரை வெளியே போய்விட்டது. கேட்டைச் சாத்தாமல் விட்டவர் பிரேக் சார்தான். இருபது வருஷமாகக் கண்ணாடியைப் பார், பின்னால் பார், இறங்கும்போது கதவைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அதைப் பற்றி அவர் ஒரு முறைதான் பேசினார், அதுவும் பாதி வாக்கியம். துரைக்கு வலிப்பு உண்டு. காலை எட்டுக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டுக்கு ஒன்று. தவறினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டபோது, "தவறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. இன்று வியாழக்கிழமை. ஐந்து வேளை போயிருந்தது. எட்டு மணியானால் ஆறு.

குப்பைத் தொட்டிக்கு எதிரே இருந்த சுவரில் இரண்டு மஞ்சள் தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன. இரண்டிலும் மேலே ஒரே எழுத்தில், ஒரே அளவில், காணவில்லை. இரண்டிலும் பழுப்பு நிற நாய். பிரேக் சார் இறங்கிப் போய், இடப்பக்கத் தாளின் ஓரம் சுருண்டிருந்ததை உள்ளங்கையால் நீவிவிட்டார். அது துரை. வலப்பக்கத் தாளை அவர் தொடவில்லை. அதன் கீழ்ப்பாதியில் பெரிய எழுத்தில் இருந்தது: 'தேடாதீங்க! எங்க மெத்தையில படுத்தவன் இனி வீட்டுக்கு வரமாட்டானாம்!' அதற்கும் கீழே மெத்தைக் கடையின் பெயரும் போன் எண்ணும்.

திரும்பி வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"அதே தாளு, அதே எழுத்து. நீ பிரஸ்ல எனக்குப் போட்டுக் குடுத்தத அப்படியே பாத்துக் காப்பியடிச்சிருக்கான் பாரேன். எந்த மகராசனோ. உன் உழைப்பையும்ல திருடிட்டான்."

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆமா சார்" என்று சொன்னாள். சொன்ன பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வண்டியை எடுத்தாள்; அது ஒரு குதி குதித்து நின்றுபோனது.

அவர் போன் அடித்தது. எடுத்து, ஒலியைக் கூட்டி, டாஷ்போர்டின் மேல் வைத்தார். எந்த அழைப்பையும் தவறவிட்டுவிடக் கூடாது என்று நேற்றிலிருந்து அப்படித்தான் செய்கிறார். ஒரு ஆண் குரல். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நாய் எங்க வீட்டுக் கட்டில்ல படுத்திருக்குண்ணே. டபுள் காட் மெத்தை ஒண்ணு அனுப்புங்க, அப்பத்தான் எந்திரிக்குமாம்."

"தம்பி, நீங்க அந்தக் கடைன்னு நெனச்சுக்கிட்டீங்க. இது நெஜ நாய்ங்க."

"நெஜ நாயா?" சிரிப்பு இன்னும் கூடியது. "டேய், நெஜ நாயாம்டா!"

போன் நின்றது. "இதோட பதினாலு" என்றார் பிரேக் சார். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். உடனே மறுபடி அடித்தது. இந்த முறை அவர் மனைவி. "ஏங்க, ரொட்டிக்குள்ள மாத்திரைய வெச்சு எடுத்து வெச்சிருக்கேன். வரும்போது ஒரு எட்டு வந்து வாங்கிட்டுப் போங்க. கெடச்சா அங்கயே குடுத்துரலாம்ல." "சரிம்மா" என்றார். "எங்கயாவது பாத்தாங்களாமா?" "பாத்துட்டுத்தாம்மா இருக்கோம்."

சந்திலிருந்து வெளியே வந்ததும் சலவைக் கடைக்காரர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். பிரேக் சார் ஜன்னல் வழியாகப் போனில் இருந்த படத்தை நீட்டினார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, இதான சார்! காது மடிஞ்ச நாய். நேத்துச் சாயங்காலம் இங்கதான், இந்தப் படிக்கட்டுல படுத்திருந்துச்சு. நான்தான் போன் பண்ணிச் சொன்னேனே."

"எனக்கா? எனக்கு வரலையே."

"மெத்தைக் கடைக்கு சார். நோட்டீசுல இருந்த நம்பருக்கு. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே 'அவன எழுப்பாதீங்க சார், நீங்களும் வந்து படுத்துப் பாருங்க'ன்னுச்சு. சரி, விளம்பரத்துக்குன்னே நாய அவுத்து விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். காது மடிஞ்சிருக்கும்னு அதுலயே போட்டிருக்குல்ல? ராத்திரி கடைய மூடும்போது எழுப்பி விட்டேன். காலு கொஞ்சம் இழுத்துட்டுத்தான் போச்சு."

பிரேக் சார் இறங்கிப் போய் அந்தப் படிக்கட்டைப் பார்த்தார். கடைக்காரருக்கு ஏதோ தப்பு என்று புரிந்துவிட்டது. "நெஜமாவே தொலைஞ்ச நாயா சார்?" என்றார், குரல் இறங்கி.

மெத்தைக் கடை எண்ணுக்குப் பிரேக் சார் அங்கேயே நின்று போன் செய்தார். பத்து மணிக்குத்தான் திறப்போம் என்று பதிவுசெய்த குரல் உற்சாகமாகச் சொன்னது. "அது எங்க பிரஸ்ஸுக்குப் பக்கந்தான் சார். நான் போய்க் கேக்கறேன்" என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார். "கேளும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

*

அச்சகத்தில் அவள் வேலை கணினியின் முன். நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை, எது வந்தாலும் அவள்தான் கட்டம் கட்டி, எழுத்து அடித்து, அச்சுக்கு அனுப்ப வேண்டும். எந்த வேலையையும் வெற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் அங்கே கிடையாது. பழைய வேலையைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. பாதி நேரம் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை காலை பிரேக் சார் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, எழுதி வந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தார், அவள் அடித்தாள். 'துரை. வயது ஏழு. பழுப்பு நிறம், மார்பில் வெள்ளை. இடது காதின் நுனி மடிந்திருக்கும். கழுத்தில் நீலப் பட்டை. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.' முதலாளி ஐம்பது தாளையும் சும்மாவே அடித்துக் கொடுத்தார். மிச்சமிருந்த ஒரு தாள் மேசைமேல் கிடந்தபோதுதான், மதியம் மெத்தைக் கடைக்காரர் தன் வழக்கமான தள்ளுபடி நோட்டீசுக்காக வந்தார். தாளைக் கையில் எடுத்தார்.

"யோவ், இது நல்லாருக்கே! ரோட்டுல போறவன் தள்ளுபடின்னா தாண்டிப் போயிருவான். காணவில்லைன்னா நின்னு படிப்பான். இதே மாதிரி போட்டுக் குடும்மா. இதே மஞ்சத் தாளு."

"உள்ள என்ன சார் போடறது?"

"நாலு வரி ஏதாச்சும் போடு. அதையா படிக்கப் போறாங்க? கீழ பெருசா இருக்கணும், அதான் சிரிப்பு."

அவள் துரையின் நோட்டீசைத் திறந்தாள். வேறு பெயரில் சேமித்தாள். பெயரை எடுத்தாள். போன் எண்ணை மாற்றினாள். இணையத்திலிருந்து ஒரு நாய்ப் படம் எடுத்தாள். நிறம் பற்றிய வரியை மாற்றாமல் இருப்பதற்காகப் பழுப்பிலேயே, மார்பு வெள்ளையாக இருப்பதாகத் தேடி எடுத்தாள். அந்த நாய்க்குக் கழுத்துப் பட்டை இல்லை. அந்த வரியை நீக்கினாள். வலிப்பு வரியையும் நீக்கினாள். காது வரி தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்பதுதான் இந்த இரண்டு நாளாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சொல். இன்று மதிப்பெண் அட்டைக்குக் கட்டம் கட்டிக்கொண்டே, அது உண்மைதானா என்று ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தாள். அந்தப் படத்து நாயின் இரண்டு காதுகளும் நிமிர்ந்து நின்றன. அதை அவள் கவனித்தாள். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள். இந்த அளவில் யார் காதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்ததும் நினைவிருந்தது. நினைத்திருக்கிறாள் என்றால் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் அது மறதி இல்லை. மறதி இல்லை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு மெத்தைக் கடைக்குப் போன் செய்தாள். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்தது. பத்தரைக்கும் அப்படியே. பதினொன்றுக்கு முதலாளி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"மெத்தைக்காரருக்கு இன்னும் ஆயிரம் வேணுமாம். பயங்கரமா ஓடுதாம். போன் ஓயவே இல்லையாம். அந்த ஃபைல அனுப்பிடு."

"அண்ணே, அந்த நோட்டீசால பிரேக் சாருக்கு..." என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னாள். காது வரியையும் சொன்னாள். முதலாளி காதைச் சொறிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"பாவந்தான். அதுக்கென்ன பண்றது? அவரு நாயக் காணோம்னா இவரு கடையச் சாத்திட்டுப் போகணுமா? காது வரிய வேணா எடுத்துட்டு அனுப்பு. யாருக்கும் கெடுதல் இல்ல."

அவள் ஃபைலைத் திறந்தாள். அந்த வரியின் கடைசியில் கோடு மின்னி மின்னி நின்றது. அழிக்கும் விசையின் மேல் விரலை வைத்த பிறகுதான் தோன்றியது: இந்த வரி போய்விட்டால் நாளை துரையைப் பார்ப்பவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. ஐம்பது தாளை யார் பார்த்தார்கள்? ஊரெல்லாம் நின்று படித்தது மெத்தைக் கடைத் தாளைத்தான். இருந்தாலும் கெடுதல், எடுத்தாலும் கெடுதல். அனுப்பாமல் மூடினாள். வியர்த்திருந்த விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மதிப்பெண் அட்டைக்குத் திரும்பினாள். பதினொன்றேமுக்கால். பன்னிரண்டு. பன்னிரண்டரை. ஒன்று பத்துக்கு, சாப்பிடவில்லை, சாப்பாட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

*

மெத்தைக் கடையில் குளிர்சாதனத்தின் குளிர். வரிசையாக வெள்ளைக் கட்டில்கள், பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வாசல் மேசையில் ஒரு பெண், காதில் போன், கையில் பேனா, முன்னால் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். அவள் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட.

"அக்கா, நான் பிரஸ்லேருந்து வரேன்."

"இன்னும் ஆயிரம் ரெடியா?"

"இல்லக்கா. நாய் பத்திப் போன் வந்துச்சுன்னா எழுதி வெப்பீங்களா?"

"வெப்பேன். எந்தச் சுவர் வேலை செய்யுதுன்னு தெரியணும்னு எங்க சார் எல்லாத்தையும் எழுதச் சொல்லியிருக்காரு. யாரு, எங்கேருந்து, என்ன சொன்னாங்க. ஏன்?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்கியதால் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்திவிட்டாள்.

"எனக்கு நேத்தே சரியாப் படல" என்றாள் மெதுவாக. "ஒரு அம்மா போன் பண்ணி, 'ஐயோ, விழுந்து கெடக்குது, வாயில நுரை வருதும்மா'ன்னு சொன்னாங்க. எங்க சார் பக்கத்துலயே நின்னாரு. அவரு எழுதிக் குடுத்தத அப்படியே சொன்னேன். எழுப்பாதீங்கன்னு." அவள் பேனாவின் மூடியைப் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மா ஒண்ணும் திட்டல. அப்படியே போன வெச்சுட்டாங்க."

ஐந்து பக்கம். பெரும்பாலும் 'சிரித்தார்', 'சிரித்தார்', 'விலை கேட்டார்'. எது விளையாட்டு, எது நிஜம்? காது மடிந்திருக்கிறது என்று சொன்னவர்களை நம்ப முடியாது. அது தாளிலேயே இருந்தது. விளம்பரத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னவர் நாயைத்தான் பார்த்திருக்க வேண்டும். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினாள். நீலப் பட்டை. புதன் காலை பத்து, பேருந்து நிலையத்துக் கழிப்பறைப் பக்கம். நீலப் பட்டை. புதன் பன்னிரண்டு, நூலகத்துப் பின்வாசல். அந்த அம்மா, புதன் இரண்டு மணி, பட்டையைப் பற்றி இல்லை, ஆனால் நுரை. சலவைக் கடைக்காரர், ஐந்தரை. வியாழன் காலை பத்தரை, மரக்கடைத் தெரு, நீலப் பட்டை, 'தண்ணீர் வைத்தேன், குடித்தது'. எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டாள். ஊரின் நடுவிலிருந்து கிழக்கே, இன்னும் கிழக்கே. வீட்டுக்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது துரை.

போன் அடித்தது. அந்தப் பெண் பழக்கத்தில் உற்சாகக் குரலில் கடையின் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு ஆள் கத்துவது மேசைக்கு இப்புறம் நின்றவளுக்கே கேட்டது. "உங்க விளம்பரத்துக்கு ஊர்ல வேற எடமே இல்லையாம்மா? லாரி எடை மேடைலேருந்து பேசறேன். பின்னாடி காலைலதான் புது ரோடு போட்டாங்க. ஈரங்கூடக் காயல. உங்க நாய் மிதிச்சு நாசம் பண்ணிருச்சு. யாரு வந்து சரி பண்றது?"

"அவன எழு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். எதிரே நின்றவளைப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் குரல் வந்தது. வேறு மாதிரி இருந்தது. "சார், சார், ஒரு நிமிஷம். கழுத்துல பட்டை இருந்துச்சா? என்ன நெறம்?"

*

நீலம் என்றதும் அவள் போன் செய்தாள்; பிரேக் சார் இருபது நிமிஷத்தில் வந்தார். இறங்கி அவள் பக்கம் சுற்றிப் போனவர், தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நீயே ஓட்டு" என்றார். "எனக்குக் கை ஒரு நெலைல இல்ல. ரெண்டு நாளாத் தூக்கமும் இல்ல. நான் பாத்துக்கறேன், பயப்படாத."

பிரதான சாலையில் அவள் ஓட்டியதே இல்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். முதலாளியிடமிருந்து அவள் போனுக்கு இரண்டு முறை அழைப்பு வந்து நின்றது. பிரேக் சார் மடிமேல் ரொட்டிப் பொட்டலம். அவள் எழுதி வந்த சீட்டை அவர் தூர வைத்தும் கிட்ட வைத்தும் படித்தார்.

"நுரைன்னு போட்டிருக்கு."

"அது நேத்து சார். அதுக்கப்புறம் மூணு எடத்துல பாத்திருக்காங்க. தண்ணி குடிச்சிருக்கு."

"ம்." கொஞ்ச தூரம் போனார்கள். "ஏம்மா, இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? காது மடிஞ்சிருக்கும்னு அவன் எதுக்குப் போட்டான்? காப்பியடிக்கறவன் அதையுமா அடிப்பான்?"

சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் நிறுத்தினாள், கோட்டைத் தாண்டாமல், சரியாக. பார்வையை விளக்கிலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"அவரு காப்பியடிக்கல சார். நான்தான் போட்டேன். உங்க ஃபைல எடுத்து மாத்திப் போட்டேன். காது வரிய விட்டுட்டேன். மறந்துதான் விட்டேனான்னு எனக்கே தெரியல சார்."

 விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவர் அடித்த ஹாரனில்தான் அவள் வண்டியை எடுத்தாள். பிரேக் சார் தன் பக்கப் பிரேக்கின் மேல் காலை வைத்தார். மிதிக்கவில்லை. ஒரு தெரு முழுக்க, பிறகு இன்னொரு தெருவில் பாதி தூரம், கால் அங்கேயே இருந்தது.

"கண்ணாடியப் பாரு" என்றார். "வேன் வருது. வழி விடு."

விட்டாள்.

"வலிப்புன்னு ஒரு வரி போட்டிருந்தோமே. அதையும் மறந்தா எடுத்த?"

"இல்ல சார்."

"பின்ன?"

"அது இருந்தா சிரிப்பு வராது சார்."

அவர் சீட்டை நான்காக மடித்து, ரொட்டிப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டுக்குள் செருகினார். செருகுவதற்கு வெகுநேரம் ஆனது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. இறங்கிப் போ என்றாலும் சரி. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரைட்டுல எடை மேடை. இண்டிகேட்டர் போடு" என்றார்.

எடை மேடைக்குப் பின்னால் சிமெண்டுச் சாலை சாம்பல் நிறத்தில் நீளமாகக் கிடந்தது. இரண்டு ஓரமும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் அங்கங்கே சிவப்புத் துணி. கொத்தனார் ஒருவர் பலகைமேல் குத்துக்காலிட்டு, கையில் கரணையோடு உட்கார்ந்திருந்தார். காரின் மேலிருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாய்க்காரங்களா? பாருங்க சார், பண்ணி வெச்சிருக்கறத. பூசிடலாம்னா எடை மேடைக்காரர் ஆள் வர வரைக்கும் தொடாதன்னு சொல்லிட்டாரு. ஈரம் இழுத்துக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா அப்புறம் கொத்தித்தான் எடுக்கணும்."

"இருப்பா" என்றார் பிரேக் சார். "கொஞ்சம் இரு."

தடம் இந்தப் பக்கக் கயிற்றுக்கு அடியில் ஆரம்பித்தது. நான்கு விரலும் நகமும் தெளிவாக விழுந்திருந்தன. மூன்று காலுக்குத்தான் அடி இருந்தது; பின்னங்கால் ஒன்றுக்கு அடிக்குப் பதில் நீளமாக ஒரு கோடு, விரலால் கீறியதுபோல. பிரேக் சார் அந்தக் கோட்டின் பக்கமாக ஓரத்திலேயே நடந்தார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. சாலையின் நடுவில் தடம் நின்றுபோயிருந்தது. அங்கே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சிமெண்டு கலைந்து, மழுங்கி, ஒருபக்கமாக அழுந்தியிருந்தது. விலாவின் பதிவு, அதில் மயிர் மயிராய்க் கோடுகள். சுற்றிலும் பிறை பிறையாகக் கால்கள் உதைத்த கீறல்கள், ஒன்றன் மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி.

பிரேக் சார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தனாரும் பார்த்தார். அவருக்கும் இப்போதுதான் அது வேறு மாதிரித் தெரிந்தது போலிருக்கிறது. கரணையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"சார். அங்க பாருங்க."

கலைந்த இடத்துக்கு அப்பால் மறுபடியும் அடிகள் இருந்தன. முதலில் நெருக்கமாக, தள்ளாடி, ஒன்றின்மேல் ஒன்று பட்டு. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு. பிறகு ஒரு நேர்க்கோட்டில், அந்தப் பக்கக் கயிறு வரைக்கும். கயிற்றைத் தாண்டிய மண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே சாக்கடைக்கென்று இறக்கி வைத்திருந்த பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. வாயெல்லாம் இருட்டு.

பிரேக் சார் சாலையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அந்த வயசுக்கு அப்படி ஓடக் கூடாது. முதல் குழாயின் முன் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, "துரை" என்று கூப்பிட்டார். கத்தவில்லை, வீட்டுக்குள் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற அளவுக்குத்தான். குழாய் அதைப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. அவர் காத்திருந்தார். அடுத்த குழாய்க்கு நகர்ந்தார். அவள் குழாய்களின் மறுபக்கத்துக்குப் போய், எதிர்க் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். குனிந்து பார்க்கிற ஒவ்வொரு குழாயிலும் முதலில் இருட்டுதான் தெரிந்தது. கண் பழகி அடுத்த முனையின் வட்ட வெளிச்சம் தெரிகிற வரை குனிந்தே இருந்தாள்.

மூன்றாவது குழாயில் அந்த வட்டம் முழுதாகத் தெரியவில்லை. கீழ்ப்பகுதியை ஏதோ மறைத்தது. அவள் இன்னும் குனிந்தாள். குழாய்க்குள் சூடான சிமெண்டு வாசம் அடித்தது. "சார்" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த முனையில் பிரேக் சாரின் முழங்கால்கள் வந்து நின்றன. பிறகு ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும் அவர் கைகள். பிறகு அவர் முகம். நடுவில் கிடந்த அந்த இருட்டின் மேல், வெளிச்சத்துக்கு எதிராக, இரண்டு காதுகளின் உருவம். ஒன்று நிமிர்ந்து, ஒன்று நுனி மடிந்து. இரண்டும் அசையவில்லை. அவர் கை ரொட்டியோடு உள்ளே நீண்டு, இன்னும் நீண்டு வந்துகொண்டிருந்தது.